கடைசி டிராக்டர்

வெளியே கட்டிப்போன புடவையை மடித்து வைக்க இன்று பீரோவைத் திறந்தேன். ஈயம் பற்றவைத்த பழைய வாசனை வந்தது. நீங்கள் போன பிறகும் அது போகவில்லை. அடித்தட்டில் உங்கள் பொம்மை டிராக்டர், மூக்கு நசுங்கி, தலையில் ஒரு துண்டு ஒயரோடு கிடந்தது.

திருப்பதி வாடகை வீட்டில் சாப்பாட்டு மேஜை என்றைக்குச் சாப்பிடக் கிடைத்தது? பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திவிட்டு வந்தால், ஆள் ஓட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே போகும் வண்டிகளைச் செய்துகொண்டிருப்பீர்கள். முன்னால் பஸ், அடுத்து அரிசி ஏற்றிய லாரி, ஜீப், கார், கடைசியில் டிராக்டர். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு குட்டி பல்பு. முகத்தில், முன்வண்டியின் வெளிச்சத்தை வைத்து இடைவெளியை அளக்கும் ஒரு கண். ஜன்னலைச் சாத்திவிட்டு ஓடவிடுவீர்கள். பஸ் லேசாகத் தயங்கினால் லாரி கொஞ்சம் கூடுதலாகத் தயங்கும், ஜீப் இன்னும் கூடுதலாக. டிராக்டரின் முறை வருவதற்குள் இடமே இருக்காது. போய் முட்டிக்கொள்ளும்.

“தினம் இதுவே முட்டிக்கினு நிக்குதே, அது இன்னாங்க பாவம் பண்ணிச்சி?” என்று சிரித்தேன்.

“அது மேல தப்பு இல்ல. சேதி வண்டிக்கு வண்டி கை மாறிப் போவுது. கடைசிக்கு வர்றப்போ லேட்டாவும் வருது, பெருசாயும் வருது,” என்றீர்கள்.

பிறகு பஸ்ஸிலிருந்து எல்லா வண்டிக்கும் தனித்தனியாக மெல்லிய ஒயர் இழுத்தீர்கள். பஸ் தயங்கியதும் எல்லாம் சேர்ந்தே தயங்கின. டிராக்டர் முட்டவில்லை. அடுப்பில் ரசம் பொங்கி வழிய, இருவரும் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

அவ்வளவு தெரிந்த மனிதர், வயிற்றுக் கட்டியைப் பற்றி டாக்டர் சொன்னதைச் சித்தூரில் இருந்த உங்கள் தம்பியிடம் மட்டும் சொன்னீர்கள். அவர் உங்கள் தங்கையிடம் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அவள் என்னைக் கேட்டாள்: “இன்னா அண்ணி, உங்களுக்குத் தெரியாதா?” அதற்குள் ஆபரேஷனுக்கான காலம் கடந்திருந்தது. எனக்குச் செய்ய மிச்சமிருந்தது விசிறுவது மட்டும். விசிறினேன். ஜெபம் பண்ணக்கூட வரவில்லை, கோபம்தான் வந்தது. “எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றேன். “நீ பயந்துக்குவே,” என்றீர்கள். இத்தனை வருஷமும் அந்தப் பதிலோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்று டாக்டர் எனக்கும் அதே மாதிரி ஒன்றைச் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் நான் யோசித்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். நம் பெரியவளிடம் மட்டும் சொல்லிவிடலாம், சின்னவனுக்கு அவள் பக்குவமாகச் சொல்லிக்கொள்வாள் என்று நினைத்தேன். டிராக்டரைக் கையில் எடுத்த பிறகுதான் புத்தி வந்தது.

“ரெண்டு பேரும் இங்க வந்து உக்காருங்க,” என்றேன். உட்கார்ந்தார்கள். சொல்ல வாயெடுத்தவள், “சாப்டீங்களா?” என்று கேட்டேன். உங்களுக்கும் இப்படித்தான் பேச்சு மாறிப்போனதா? தெரியாமல் இத்தனை நாள் உங்களைத் திட்டிவிட்டேன்.

எப்படியோ சொல்லி முடித்தேன், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதையும் சேர்த்து. இருவரும் ஒரே சமயத்தில் அழுதார்கள்.