ஆட்டுக்குடல் நரம்பு

14.09.2025, ஞாயிறு
கோயில் சமையலறையில் கத்தரிக்காய் வெட்டும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. பேத்தி லவினியா சரஸ்வதி பூசையன்று லவுட்ட வாசிக்கப்போகிறாள் என்று தொடங்கினேன். அரைப் பூசணிக்காய் போல வயிறும் பின்னால் மடங்கிய தலையுமாய், இங்கே ஜேர்மனியில் அவள் பழகிய ஒரு நரம்பு வாத்தியம். "நைலோன் இல்லை, அசல் ஆட்டுக்குடல் நரம்பு" என்று பெருமையாய் முடித்தேன். பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த பிரபாலினியின் கத்தி நின்றது. அப்போது எனக்கு விளங்கவில்லை.

16.09
பிரபாலினி போய்ச் சொல்லி, கோயில் செயலாளர் முருகேசு அண்ணை போன் எடுத்தார். "குறை நினையாதேங்கோ அக்கா. குடல் கட்டின சாமானை அம்பாளுக்கு முன்னால வைக்க ஏலாது. அதோட அது வெள்ளைக்காரன்ர வாத்தியம்."
மூன்று மாதமாக ஒரே தேவாரத்தைப் பழகிய பிள்ளை. எப்படிச் சொல்வேன்? நானல்லவா சொல்லிக் கெடுத்தேன்.

17.09
சொன்னேன். "பரவாயில்லை அம்மம்மா." லவுட்டப் பெட்டியை மூடிவிட்டாள். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

18.09
வெள்ளைக்காரன்ர வாத்தியமோ! லவினியாவைச் சொல்லச் சொல்லி எழுதினேன். அரபுக்காரரின் ஊத் என்ற வாத்தியம் ஸ்பெயினுக்குப் போய் லவுட்ட ஆனது. முதலில் இறகால் மீட்டினார்கள். ஐந்நூறு வருசத்துக்கு முன் விரலுக்கு மாறினார்கள். ஆறு சோடி நரம்பு, பிறகு ஏழு, எட்டு, பத்து. பிறகு தியோர்போ என்று ஒரு பெரிய லவுட்ட — கழுத்தை நீட்டி நீட்டி, என்னைவிட உயரம். கழுத்தில் விரல் வைக்கும் மெட்டுகளும் குடலால் கட்டியவைதான்; நகர்த்தலாம். லவுட்டவும் ஜேர்மனிக்கு எங்களைப்போல வந்ததுதான். என்ன, கொஞ்சம் முந்தி வந்துவிட்டது.

21.09, ஞாயிறு
கோயில் கூட்டத்தில் எழுந்தேன். "வயலின் மட்டும் எங்கட கிணத்தடியில முளைச்சதோ அண்ணை? மிருதங்கத்துக்குப் போட்டிருக்கிறது என்ன, வாழைத் தோலே?"
எல்லோரும் சிரித்தார்கள். முருகேசு அண்ணை சிரிக்கவில்லை. "ஐஞ்சாம் வகுப்போட நிண்டனீங்கள். உங்களுக்கு ஏன் இந்த ஆராய்ச்சி?"
"ஓம், ஐஞ்சுதான். மாட்டுத்தோலை அறிய அது காணும்."
கோயிலில் மிருதங்கம் வாசிக்கும் சுதீர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு மாறவில்லை. வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. எழுத்தைப் பார், கோழி கிளறினது மாதிரி!

01.10, சரஸ்வதி பூசை
சுதீர் வெறுங்கையோடு வந்தார். "குடல் ஏலாதெண்டா தோலும் ஏலாதுதானே அண்ணை. மிருதங்கம் காரில கிடக்கு."
ஐயர் மணியைப் பிடித்தபடி காத்து நின்றார். முருகேசு அண்ணை வெளியே போனார். வரும்போது தோளில் மிருதங்கம். என்னைப் பார்க்காமல், "பிள்ளையின்ர பெட்டி எங்க?" என்றார்.
எங்கள் காரில்தான் இருந்தது. நான்தான் ஏற்றச் சொன்னேன்.

02.10
பிள்ளை தேவாரத்தை வாசித்து முடித்தும் முருகேசு அண்ணையிடமிருந்து ஒரு மன்னிப்புக்கூட இல்லை. லவுட்டவின் முகத்தில் அவரே வைத்த சந்தனப் பொட்டு, பெருவிரல் அளவு. அதில் ஒரு துளி தண்ணீர் பட்டாலும் பதறுகிற லவினியா, துடைக்கவா என்று நான் துணியை எடுத்ததும் முறைத்தாள்.