தேங்காய்ச் சில்லுப் பொட்டலம்

புதுநகரம்,
12-7-1955

கொழும்பில் இருக்கும் என் அன்பு மச்சான் மொய்தீன் அவர்களுக்கு ருக்கியா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது.

அல்லாஹ்வின் கிருபையால் மாமியும் உங்கள் தம்பியும் நானும் சுகம். மழை தொடங்கியதும் மாமிக்கு வழக்கம்போல முழங்கால் வலி வந்துவிட்டது. வாய்க்கு ஒரு வலியும் இல்லை, அதனால் கவலைப்பட வேண்டாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும், இன்னும் இரண்டு வருஷம் முதலாளி கடையிலேயே இருப்பதாகக் கையெழுத்துப் போடப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நம் முத்துப் பல்பொடியை நம்பி ஊர் திரும்ப முடியாது, அதை நிறுத்திவிடும்படி தம்பியிடம் சொல் என்றும் எழுதியிருந்தீர்கள். நான் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு, ஏன் என்று கேளுங்கள்.

பொடியில் ஒரு குறையும் இல்லை மச்சான். ஒரு தடவை வாங்கியவர்கள் மறுபடியும் வந்தார்கள். அந்த முதல் தடவை வாங்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. குறையெல்லாம் பொட்டலத்தின் மேல் ஒட்டிய காகிதத்தில். நீங்களும் தம்பியும் சேர்ந்து போட்டீர்களே, அதை நினைத்துப் பாருங்கள். ரோஜாப்பூ, வாழைமரம், தராசு, உங்கள் பெயர், தம்பியின் பெயர், மௌத்தாகிப் போய்ச்சேர்ந்த மாமாவின் பெயர், மூன்று பாஷையில் மூன்று விதமான எழுத்து. போதாததற்குப் போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள் என்று ஓர் எச்சரிக்கை. நம்மைப் பார்த்துப் போலி செய்ய யார் வந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மதராஸிலிருந்து விளம்பரப் படம் போடத் தபாலில் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் பார்த்து, உங்களைக் கேட்காமலே சேர்ந்துவிட்டேன். கோபம் வந்தால் நேரில் வந்து திட்டுங்கள். பூவும் கொடியும் வரையச் சொல்வார்கள் என்று ஆசையாகப் பிரித்தால், கறுப்புக் காகிதத்தில் சதுரம் வெட்டி வெள்ளைத் தாளில் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார் என்று இருந்தது. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. ஆனால் வைத்துப் பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. ஒரே அளவில் இரண்டு சதுரம் வைத்தால் எதைப் பார்ப்பது என்று கண் தடுமாறுகிறது. ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் நேரே பெரியதற்குப் போகிறது. சுற்றிலும் வெறுமையாக விட்டால் சின்னப் புள்ளிகூடக் கம்பீரமாகத் தெரிகிறது. நம் காகிதத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தோம் மச்சான்.

அதன்பிறகு வரைந்ததையெல்லாம் சுவரில் ஒட்டிவிட்டுக் கிணற்றடியில் நின்று பார்க்கத் தொடங்கினேன். “ஏம்புள்ளே, ஊட்டுச் செவுத்தையே மொறச்சுப் பாத்துட்டு நிக்கறே, அது என்ன பண்ணுச்சு?” என்று மாமி கேட்டார். சிரிக்கும் பெண் முகம் ஒன்று போடலாமா என்றேன். உருவப்படம் நம் வீட்டிலிருந்து போகக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். முகம் இல்லாமல் பல்லை எப்படிக் காட்டுவது? தேங்காய் துருவ உட்கார்ந்தபோது ஒரு சில்லை எடுத்துக் கடித்தேன். பல் பதிந்த தடம் வரிசையாக, அழகாக இருந்தது. அதையே வரைந்தேன். சிவப்புக் காகிதத்தில் கடித்த வெள்ளைத் தேங்காய்ச் சில்லு ஒன்று, முத்து என்று ஒரு பெயர். வேறொன்றும் இல்லை. மாமாவின் பெயரை மரியாதையாகப் பின்பக்கம் போட்டேன். மாமி அரை மனதாகச் சம்மதித்தார்.

உங்கள் தம்பி குஞ்சு முகம்மதுதான் ஒத்துக்கொள்ளவில்லை. “ஏனுங்க அண்ணி, பாதிக் காயிதத்தச் சும்மா உட்டுப்போட்டா அச்சாபீஸ்காரன் பாதிக் கூலிதான் கேப்பானுங்களா?” என்றார். ஆனாலும் கொஞ்சமாக அச்சடித்துக் கொண்டுவந்தார்.

முதல் தடவை மானம் போயிற்று. சில்லையும் பெயரையும் மேல்பாதியில் வைத்து, கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டிருந்தேன். நம் பக்கத்துக் கடைகளில் பொட்டலங்களை நூலில் கோத்து, ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாகச் சரம் தொங்கவிடுவார்களே, அதை மறந்துபோனேன். மேலே உள்ள பொட்டலம் அடுத்ததன் மேல்பாதியை மறைத்துவிட்டது. கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் போய்ப் பார்த்தால், சரம் முழுக்க வெறும் சிவப்பு. தம்பி சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுவரில் ஒட்டிப் பார்த்த நான் அதைச் சரத்தில் கட்டிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் படத்தைக் கீழே இறக்கினேன், பெயரை மேலேயே விட்டேன். பெயர் மறைந்தால் மறையட்டும், சந்தைக்கு வரும் பெண்களில் பாதிப்பேருக்கு எழுத்துத் தெரியாது என்றேன். இந்தத் தடவை கிணற்றடிக் கயிற்றில் சரம் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுத்தோம்.

ஜெயித்துவிட்டோம் மச்சான். “அந்தத் தேங்காச் சில்லுப் பொடி குடுங்க” என்று பெண்கள் தூரத்திலிருந்தே விரலை நீட்டிக் கேட்கிறார்கள். கோயமுத்தூர்ப் பொடி தொங்கிய ஆணியில் இன்று நம் சரம் தொங்குகிறது. சித்தூர், வண்டித்தாவளம் கடைக்காரர்கள் நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். பாதிக் கூலி பேசிய உங்கள் தம்பி, “அண்ணி, அடுத்து சீயக்காய்ப் பொட்டலத்துக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க” என்கிறார். மாமி வருகிறவர்களிடமெல்லாம் அது தன் யோசனை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும், முகம் வேண்டாம் என்றது அவர்தானே. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நீங்கள் பக்கத்தில் இல்லாமல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

இப்போது ஒரே ஒரு கஷ்டம். தம்பி இடிப்பாரா, சரக்கை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவாரா? வெளியே போய்வர நம்பிக்கையான ஆள் ஒருவர் அவசரமாக வேண்டும். கொழும்புக் கடையில் பழகியவராக இருந்தால் நல்லது. சம்பளம் எனக்குப் பேசத் தெரியாது. மூன்று வேளைச் சோறு உண்டு, கூடவே நானும் உண்டு. கையெழுத்துப் போடாமல் வந்துவிடுங்கள் மச்சான். அல்லாஹ் உங்களை நல்லபடி கப்பலேற்றி வீடு சேர்க்கட்டும்.

உங்கள் வரவு பார்த்திருக்கும்,
ருக்கியா