முடிச்சுப் போடாத கால் உறை

ஜனவரி 6

என் வாலுவுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. "குளிர் அறைக்கு மாத்திட்டாங்க அக்கா. உறைஞ்ச பட்டாணிப் பெட்டியை எண்ணி அடுக்கணும். கால்தான் மரத்துப்போகுது, லெக் வார்மர் பின்னக் கத்துக்குடு. போன்ல வேண்டாம், கண்ணிக் கணக்கு என் தலையில நிக்காது, எழுதி அனுப்பு" என்று பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பவள்போலச் சொல்லி வைத்துவிட்டாய். இரண்டு நாளில் தையற்கடையில் மூன்று சட்டைக்குக் காஜாவை இடம் மாற்றி எடுத்துவிட்டேன். முதலாளியம்மா என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

ஐந்து வயதில் அலமாரிக்குள் மாட்டிக்கொண்டதிலிருந்து நீ குளியலறைக்குக்கூடத் தாழ்ப்பாள் போட்டதில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று உரக்கப் பாடிக்கொண்டே குளிப்பாய், வீடே காதைப் பொத்திக்கொள்ளும். அப்படிப்பட்டவளை யார் அந்த அறைக்குள் அனுப்பியது? நீ ஏன் சரி என்றாய்?

சரி, நீ கேட்டதை எழுதுகிறேன். தடித்த குரோஷா ஊசி வாங்கு. நூல் உல்லன் நூலாக இருக்கட்டும், சிவப்பு எடு, அழுக்குத் தெரியாது. நாற்பது சங்கிலிக் கண்ணி போட்டு, கடைசிச் சங்கிலியை முதல் சங்கிலியோடு சேர்த்தால் வளையம் ஆகிவிடும். அது முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள். அப்புறம் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு கண்ணி போட்டுச் சுற்றிக்கொண்டே போக வேண்டியதுதான், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கணுக்காலில் ஆரம்பித்து முழங்காலுக்குக் கீழே வரும் வரை. பாதம் கிடையாது, குதிகால் கிடையாது, உன்னைப்போன்ற சோம்பேறிக்கென்றே கண்டுபிடித்தது. கையை மட்டும் இறுக்காதே, இறுக்கினால் காலில் ஏறாது.

அந்தக் கதவு உள்ளேயிருந்து திறக்குமா என்று மறக்காமல் எழுது.

உன் அக்கா

ஜனவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். யாரும் என்னை அனுப்பவில்லை. குளிர் அறைக்கு ஒரு ஆள் வேண்டும் என்றதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், நான் கையைத் தூக்கிவிட்டேன். முப்பது வருஷமாக ஒரு கதவுக்குப் பயந்தது போதும் என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. அடுத்த நிமிஷமே கையை இறக்கிவிடலாமா என்று பார்த்தேன் என்பதும் உண்மைதான்.

கதவைப் பற்றிக் கேட்டாயே. ஒரு சாண் கனம். சாத்தினால் வெளிச் சத்தம் ஒன்றும் கேட்காது, மேலே ஓடும் காற்றாடி மட்டும்தான். உள்ளே ஒரு குமிழ் இருக்கிறது, அழுத்தினால் திறக்க வேண்டும். ஆனால் அதன்மேல் பனி படிந்து படிந்து கல்லாகிவிடுகிறது, நான் கட்டையால் இரண்டு போடு போட்டால்தான் வழிக்கு வரும். பக்கத்தில் அபாய மணிக்கு ஒரு பொத்தான். அது செத்துப்போய் எத்தனை நாளோ. மேற்பார்வையாளரிடம் சொன்னேன், "நாளைக்குப் பாத்துடலாம்மா" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் அதையேதான் சொல்வார், அதனால் நாங்கள் அவருக்கு நாளைக்கு சார் என்றே பேர் வைத்திருக்கிறோம். உள்ளே எப்போதும் இரண்டு பேர் போக வேண்டும் என்பது சட்டம். அந்த இன்னொரு ஆள் பாதி நாள் டீ குடிக்கப் போயிருப்பார். போனையும் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

கதவின் கீழ் மூலையில் ரப்பர் கிழிந்து ஒரு சின்ன இடுக்கு இருக்கிறது. அது வழியாகக் குளிர் கசிந்து வெளித் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். தரை துடைக்கும் அம்மா அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நாளைக்கு சாரின் பரம்பரையையே திட்டுவார். எனக்கு அந்த இடுக்கு பிடித்திருக்கிறது. அதன் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் வரும், அதைப் பார்த்துக்கொண்டே பெட்டி எண்ணுகிறேன்.

கால் உறை இரண்டும் முழங்கால் வரை வந்துவிட்டன, கோணல்மாணலாக இருந்தாலும் கதகதப்பாக இருக்கின்றன. ஆனால் எப்படி முடிப்பது என்று நீ எழுதவே இல்லையே. ஊசியை எடுத்தால் ஒரு கண்ணி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, நூலை இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வருகிறது. இப்போதைக்கு உறைக்கொரு ஊக்கு குத்தி, மிச்ச நூலை உள்ளே செருகிக்கொண்டு போட்டுப் போகிறேன்.

இன்னொன்று. குளிர் அறையில் தனியாக இருக்கும்போது அந்த அலமாரி ஞாபகம் வருகிறது. பூட்டு தானாக விழுந்துவிட்டது என்பார்களே, அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் அக்கா? எனக்குச் சரியாக ஞாபகமில்லை.

வாலு

ஜனவரி 22

என் வாலுவுக்கு,

உன் கடிதத்தை உன் அத்தான் வாங்கிப் படித்துவிட்டு, "பட்டாணிக்கே ஒண்ணும் ஆகல, உன் தங்கச்சிக்கு என்ன ஆகப்போகுது" என்று சிரித்தார். நான் கடிதத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். கடையில் யாராவது கதவைச் சாத்தினால் தூக்கிவாரிப் போடுகிறது. நாளைக்கு சாரிடம் இனி வாயால் சொல்லாதே, எழுதிக் கொடு. குமிழைச் சரி செய்யும் வரை உள்ளே போக மாட்டேன் என்று சொல். வேலை போனால் போகட்டும், இங்கே வா, என்னோடு உட்கார்ந்து பட்டன் தைக்கலாம். உனக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, நீ உயிரோடு கோபித்துக்கொண்டால் போதும் எனக்கு.

முடிப்பது எப்படி என்று எழுத மறந்தது என் புத்தி. கை தானாகச் செய்துவிடும் வேலை என்பதால் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. ஒரு சாண் விட்டு நூலை வெட்டு. அந்த நுனியைக் கடைசிக் கண்ணிக்குள் விட்டு இறுக்கி இழு. அவ்வளவுதான், முடிச்சு விழுந்துவிடும். அதற்குப் பிறகு யார் இழுத்தாலும் பிரியாது. ஊக்கோடு திரியாதே, காலில் குத்திவிடும்.

அலமாரி விஷயம் இப்போது எதற்கு? நான் அன்றைக்கு மொட்டை மாடியில் இருந்தேன். துணி எடுக்கப் போயிருந்தேன். பூட்டு தானாகத்தான் விழுந்தது, தச்சர் சரியாகப் பொருத்தவில்லை என்று அப்பா அவரைத் திட்டியதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

இந்தக் கடிதம் கிடைத்ததும் பதில் போடு. இரண்டு வரி போதும்.

உன் அக்கா

ஜனவரி 30

வாலு,

உன் விடுதி வார்டன் நேற்று போன் செய்தார். குளிர் அறை என்றார், கதவு என்றார், ஆஸ்பத்திரி என்றார். அதற்குமேல் எனக்குக் காது கேட்கவில்லை. உன் அத்தான் போனை வாங்கிக் கேட்டு, உயிருக்கு ஆபத்தில்லை என்று நாலு தடவை சொன்ன பிறகுதான் நான் தரையிலிருந்து எழுந்தேன். பையில் துணியை அடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அப்போதுதான் அவர் சொன்னார், "யாரும் வர வேண்டாம்னு உன் தங்கச்சி சொல்லச் சொன்னாளாம்."

நான் எழுதிய கடிதத்தை வார்டன் உன் படுக்கையில் கொண்டுவந்து கொடுத்தாராம், நீ படித்தாயாம், அதற்குப் பிறகுதான் அப்படிச் சொன்னாயாம். பையை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். உனக்குத் தெரியும் என்று அப்போது புரிந்தது. எப்படித் தெரியும் என்று தெரியவில்லை, ஆனால் தெரியும்.

நான் மாடியில் இல்லை. நீ என் வரைபட நோட்டில் மையைக் கொட்டியிருந்தாய். மறுநாள் கொடுக்க வேண்டிய நோட்டு. நீ ஒளிந்து விளையாட அலமாரிக்குள் போனதும் நான்தான் சாவியைத் திருப்பினேன். கொஞ்ச நேரம் இருக்கட்டும், புத்தி வரட்டும் என்றுதான். நீ தட்டினாய், கத்தினாய். நான் திரும்ப அறைக்குள் வந்து நின்றதும் உன் சத்தம் நின்றுவிட்டது. கதவுக்கு அடியில் உன் பின்னல் ரிப்பன் வெளியே வந்து கிடந்தது. அது லேசாக ஆடியது. திறக்க வேண்டும் என்றுதான் வந்தேன். திறந்தால் நீ அம்மாவிடம் சொல்லிவிடுவாய் என்ற பயம் வந்துவிட்டது. நின்று பார்த்துவிட்டு, சாவியை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடிவிட்டேன். அம்மா கடையிலிருந்து வந்து திறக்க அரை மணி நேரம் ஆனது. உன் உதடு நீலமாக இருந்தது. பூட்டு தானாக விழுந்தது என்று முதலில் சொன்னது நான்தான். பாவம், அந்தத் தச்சர்.

ஒன்பது வயதில் செய்ததற்கு இன்று மன்னிப்புக் கேட்பது ஒரு பக்கம். போன வாரம் நாற்பது வயதில் உனக்குப் பொய் எழுதினேனே, அதற்கு என்ன சொல்வேன்? நீ பதில் போட வேண்டாம். கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்பு.

அக்கா

பிப்ரவரி 7

அக்காவுக்கு,

வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு. இடது கையால் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை, அரை நாள் வேலை. கூட இருந்தவர் முன்னாலேயே கிளம்பிவிட்டார். கடைசி அடுக்கை எண்ணிவிட்டு வந்து குமிழைத் தட்டினேன். அது உடைந்து கையோடு வந்துவிட்டது. மணி பன்னிரண்டு. அடுத்து அந்தக் கதவைத் திறப்பது திங்கள் காலைதான் என்று எனக்குத் தெரியும். கத்தினேன், கட்டையால் இடித்தேன், குளியலறையில் பாடுவதுபோலப் பாடிக்கூடப் பார்த்தேன். ஒரு சாண் கதவுக்கு அந்தப் பக்கம் எதுவும் போகவில்லை.

பெட்டியில் ஒட்டும் லேபிளை இடுக்கு வழியாகத் தள்ளினேன், ஒன்று, இரண்டு, மூன்று. வெளியே தரையெல்லாம் லேபிள்தான் கிடக்கும், யார் குனிந்து பார்ப்பார்கள்? கிடக்கிற குப்பையை யாரும் பார்க்க மாட்டார்கள், அசைந்தால்தான் பார்ப்பார்கள். அப்போதுதான் கால் உறை ஞாபகம் வந்தது. முடிப்பது எப்படி என்று நீ எழுதிய கடிதம் அப்போது விடுதி மேஜையில் பிரிக்காமல் கிடந்தது அக்கா. ஒரு நாள் முன்னால் என் கையில் கிடைத்திருந்தால் முடிச்சுப் போட்டிருப்பேன்.

கையுறையைக் கழற்றி வலது காலின் ஊக்கை எடுத்தேன். இழுத்ததும் சரசரவென்று பிரிந்தது. நுனியைப் பெட்டி கட்டும் பட்டைத் துண்டில் கட்டி இடுக்கு வழியாக வெளியே தள்ளிவிட்டு, நூலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். சுற்று சுற்றாக உருவி வெளியே விட்டேன். கணுக்கால் பக்கம் நாலு சுற்று மிச்சம் இருந்தபோது விரலில் உணர்ச்சி போய்விட்டது. தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கால்கள் வந்தன. நீல ரப்பர் செருப்பு. நூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

அக்கா, அன்றைக்கும் நான் இப்படித்தான் படுத்திருந்தேன். அலமாரிக் கதவுக்கு அடியில் உன் கால் தெரிந்தது. வலது கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தாய், வாசல்படியில் இடித்துக்கொண்டது. ரிப்பனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாய். அக்கா வந்துவிட்டாள் என்று அழுகையை நிறுத்திவிட்டேன். அதனால்தான் சத்தம் நின்றது. அப்புறம் உன் கால் திரும்பிப் போனது.

முப்பது வருஷமாக எனக்குப் பயம் கதவைப் பார்த்து இல்லை. வந்து நின்றுவிட்டுப் போகிற காலைப் பார்த்துத்தான். அந்த நீலச் செருப்பு நின்ற நேரத்தில் எனக்குக் குளிர்கூடத் தெரியவில்லை. போய்விடாதே, போய்விடாதே என்று அதைத்தான் உள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னிடம் சொன்னேனா, அந்தச் செருப்பிடம் சொன்னேனா என்று இப்போதும் தெரியவில்லை.

அது தரை துடைக்கும் அம்மா. குப்பை என்று நினைத்து நூலை இழுத்தாராம். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்ததாம். பிறகு நூல் அவரைத் திரும்பி இழுத்ததாம். "ஐயோ, உள்ள ஆள் இருக்கு" என்று அவர் போட்ட கூச்சலில் காவலாளி சாவியோடு ஓடிவந்திருக்கிறார். ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. விரலைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார் டாக்டர். இடது கால் நன்றாக இருக்கிறது, உறை இல்லாமல் இருந்த வலது கெண்டைக்காலில்தான் இன்னும் உணர்ச்சி திரும்பவில்லை. குமிழை மறுநாளே மாற்றிவிட்டார்களாம். நாளைக்கு சார் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்க வந்து, என்ன பேசுவது என்று தெரியாமல் அதை அவரே உரித்துத் தின்றுவிட்டுப் போனார்.

ஞாபகமில்லை என்று நான் எழுதியதும் பொய்தான். நீயாகச் சொல்வாய் என்று கேட்டுப் பார்த்தேன். மாடியில் இருந்தேன் என்ற வரியை இந்தக் கட்டிலில் படித்தபோது உன் முகத்தையே இனிப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். இப்போதும் கோபம் இருக்கிறது, இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் ராத்திரியெல்லாம் பயமாக இருக்கிறது அக்கா. கண்ணை மூடினால் அந்தச் செருப்பு திரும்பிப் போவதுபோலவே வருகிறது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தேவலை. யாராவது என்று யோசித்தால் உன் முகம்தான் வருகிறது, என்ன செய்ய.

கிளம்பி வா. அதே சிவப்பு நூல் கொண்டு வா. உருவிய நூலை அந்த அம்மா பந்தாகச் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார், ஆனால் அழுக்காகிவிட்டது. வலது காலுக்கு நீயே பின்னு, முடிச்சை நீயே போடு, நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் அறைக் கதவைச் சாத்தக் கூடாது என்று நர்ஸிடம் சொல்லி, ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். வந்ததும் வாசலிலேயே நிற்காதே. உள்ளே வா.

வாலு