அண்டா உட்கார்ந்த இடம்

தியாகராய நகர்,
20-12-45

சௌபாக்கியவதி நீரஜாவுக்கு ராமானுஜம் ஆசீர்வாதம். இங்கு க்ஷேமம், அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

உனக்குக் கடிதம் எழுதி வெகு காலம் ஆகிறது. கவர்மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இதுவரை வாசித்திருந்தால், மேலேயும் வாசி.

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் அல்லவா? ஒரு டெண்டு எடுத்திருக்கிறேன். நாலு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். கச்சேரி ரோட்டில் டெண்டு தைக்கிறாரே பீர் முஹம்மது, அவரிடம் கிழிசல் தைக்கக் கொடுத்திருக்கிறேன். இன்னொன்று அவரிடமே வாடகைக்கு. பொங்கலுக்கு மறுநாள், கனுவன்று, செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரையில் டெண்டு அடித்து இரண்டு நாள் தங்கப் போகிறோம். என் மேலதிகாரி கஸ்தூரிரங்கனும் அவர் சம்சாரம் கோமளம் மாமியும் வருகிறார்கள். துரைமார் மாதிரி ஆற்றங்கரையில் டெண்டில் தூங்க வேண்டும் என்று அவருக்கு ஒரு பித்து.

விஷயம் இதுதான். சித்திரையில் அவர் டில்லிக்கு மாற்றலாகிப் போகிறார். கூட ஒருவனை அழைத்துப் போவார். குடும்பத்தோடு ஒழுங்காக இருக்கிறவன்தான் வேண்டும் என்பது அவர் கட்சி. "உங்காத்துல சௌக்கியமா?" என்று மாமி கேட்கும்போதெல்லாம் சௌக்கியம் என்றே சொல்லி வந்திருக்கிறேன். நீ மயிலாப்பூரில் தனியாக இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

வா, நீரஜா. பழையதைக் கிளறாதே.

ராமானுஜம்

சித்திரக்குளம்,
மயிலாப்பூர்,
24-12-45

ஆத்துக்காரருக்கு நீரஜா அநேக நமஸ்காரம்.

கிழிக்கவில்லை. காகிதம் கிடைக்கிற அழகில் யார் கிழிப்பார்கள்? பின்பக்கம் என் பாட்டு மாணவிகளுக்கு ஸ்வரம் எழுத உதவும்.

பழையதைக் கிளறாதே என்கிறீர்கள். நான் கிளற வேண்டாம், அது தானாகவே கொதிக்கிறது. நாற்பத்திரண்டு ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானது. நீங்களும் கும்பகோணத்துக்குக் கார் பிடித்தீர்கள். நான் அன்றைக்கு ஆத்துக்கு விலக்காகிக் கொல்லைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். "பெருமாள் பெட்டி ஏறற வண்டில தூரமானவ எப்படிடா ஏறுவா?" என்று உங்கள் அம்மா கேட்டாள். நான் உட்கார வேண்டிய இடத்தில் அவளுடைய பித்தளை அண்டாவை ஏற்றினீர்கள். "நாலாம் நாள் தலைக்கு ஸ்நானம் பண்ணிண்டு ரெடியா இரு, அடுத்த நடைல வந்து அழைச்சிண்டு போறேன்" என்றீர்கள்.

குளித்துவிட்டு டிரங்குப் பெட்டியோடு வாசலில் உட்கார்ந்தேன். ஆடி பிறக்கிறவரை நீங்கள் வரவில்லை. தெருவில் ஈ காக்கை இல்லை. அபாயச் சங்கு ஊதும்போதெல்லாம் பீர் முஹம்மதுவின் சம்சாரம் ஜமீலுன்னிசாதான் தன் குழந்தைகளை இழுத்துக்கொண்டு வந்து என்னோடு இருந்தாள். நீங்கள் திரும்பி வந்தபோது நான் ஏன் கதவைத் திறக்கவில்லை என்று இன்றுவரை நீங்கள் கேட்டதில்லை.

வருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. காரில் முதல் நடையிலேயே, எல்லோர் கண்ணெதிரே, என் இடம் எனக்கு. அது நடந்தால் உங்கள் டில்லிக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன், கூடவும் வருவேன். நடக்காவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

அம்மா வருகிறாளா? அதையும் எழுதவும்.

நீரஜா

தியாகராய நகர்,
29-12-45

சௌ. நீரஜாவுக்கு ஆசீர்வாதம்.

பெருமாள் சத்தியமாக முதல் நடையில் உனக்கு இடம் உண்டு. அம்மா வரவில்லை. பனி ஆகாது அவளுக்கு. பெட்ரோல் கூப்பனுக்கும் ஏற்பாடு செய்துவிட்டேன்.

கனுவுக்கு உண்டான சித்ரான்னமெல்லாம் உன் பொறுப்பு. கஸ்தூரிரங்கனுக்குப் புளியோதரை என்றால் உயிர். ஆற்றங்கரையில் யாரும் எழுந்திருக்கக் கூடாது, தன் கையாலேயே எல்லோருக்கும் பரிமாற வேண்டும் என்று கோமளம் மாமிக்கு ஆசை. பீர் முஹம்மதுவிடம் அண்டா கொடுத்தனுப்புகிறேன். அதே அண்டாதான், ஆத்தில் வேறு பெரிய பாத்திரம் இல்லை. தப்பாக நினைக்காதே.

அந்த அரக்குப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொள். மாமி பாடச் சொல்லுவாள், தட்டாதே.

ராமானுஜம்

மயிலாப்பூர்,
4-1-46

ஆத்துக்காரருக்கு நமஸ்காரம்.

அண்டா வந்தது. எங்கள் பழைய சிநேகம் விட்டுப் போகுமா? புளி போட்டுத் தேய்த்தேன். கை வலிக்கிற வரை தேய்த்தேன்.

கொண்டுவந்த பீர் முஹம்மது, "இன்னாம்மா, ஐயாகூட ஆத்தங்கரைக்குப் போறியாமே? ஜமீலா கேட்டுட்டு மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீறா" என்றார். அவளுக்கு உங்கள்மேல் என்னைவிடக் கோபம். பாலாற்றில் மணலில் டெண்டு அடித்தால் முளை நிற்காதாம், கரைமேட்டில்தான் அடிக்க வேண்டுமாம். ராந்தல் இரண்டு போதும். பாய்க்குக் கீழே வைக்கோல் பரப்பச் சொல்லுங்கள், மாமிக்குக் குளிரும்.

காக்கைக்குக் கனுப்பிடி வைக்க மஞ்சள் இலை நான் கொண்டுவருகிறேன். ரேஷன் அரிசி போதாது, அதற்கும் வழி செய்துவிட்டேன். அரக்குப் பட்டை எடுத்து வெயிலில் போட்டேன். போட்டுவிட்டு, இதற்கு இவ்வளவு ஆசையா என்று என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

சொன்னது ஞாபகம் இருக்கட்டும். முதல் நடை.

நீரஜா

தியாகராய நகர்,
14-1-46, கைச்சீட்டு

நீரஜா,

அவசரம். கனுவுக்குப் பெருமாளை ஆற்றங்கரைக்கு எழுந்தருளப் பண்ண வேண்டும் என்று அம்மா திடீரென்று கிளம்பிவிட்டாள். மாமியின் தங்கையும் வருகிறாளாம். முன்னால் டிரைவர், கஸ்தூரிரங்கன், நான். பின்னால் மாமி, தங்கை, அம்மா, பெருமாள் பெட்டி. அதிகாரி எதிரில் அம்மாவிடம் என்ன பேசுவது? நீயே சொல்லு.

கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் விடியற்காலை போய்விடுகிறோம். இறங்கியதும் காரைத் திருப்பி அனுப்புகிறேன். அடுத்த நடையில் நீ சாப்பாட்டோடு வந்துவிடு. பீர் முஹம்மதுவின் ஆட்கள் இன்றே டெண்டு அடித்துவிட்டார்கள், அவரும் உன்னோடு வருவார். வாசலில் தயாராக இரு. புளியோதரையில் காரம் குறைவாகப் போடு.

ராமானுஜம்

மயிலாப்பூர்,
15-1-46, கனு

ராமானுஜம் அவர்களுக்கு,

பெயரை எழுதிவிட்டேன். ஆம்படையான் பெயரை எழுதினால் ஆயுசு குறையும் என்பார்கள். குறையட்டும்.

நேற்று உங்கள் சீட்டு வந்தபோது அடுப்பில் புளிக்காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. அடுத்த நடை! என்னைக் குண்டுக்குக் கீழே விட்டுவிட்டு இந்த அண்டாவைக் காரில் ஏற்றிக்கொண்டு கும்பகோணம் போனபோது சொன்ன அதே வார்த்தை. அப்போதாவது உயிர்ப்பயம். இப்போது என்ன பயம் உங்களுக்கு?

நான் இன்று தூரம். பெருமாள் இருக்கிற இடத்துக்கு வரக்கூடாது. சமைக்கவும் கூடாது. உங்கள் ஆத்து ஆசாரம் எனக்குத் தெரியாதா? நிஜமா பொய்யா என்று சந்தேகம் இருந்தால் அம்மாவை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த நடையில் வரட்டும்.

புளிக்காய்ச்சல் வீணாகவில்லை. இன்று காலை குளித்து, சுடச்சுடக் கலந்து, ஜமீலுன்னிசா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். காரம் குறைக்கவில்லை.

அண்டாவை வெறுமனே அனுப்புகிறேன். டிரைவர் கண்ணில் படாமல் இருக்க மூடியைத் துணி போட்டுக் கட்டப் போகிறேன். பீர் முஹம்மது தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, காலியா கீது?" என்றார். சொன்னேன். மூடி கட்டுகிற துணியை எடுத்து உதறிக் கொடுத்தார். பிறகு, "அப்ப நானே பக்கத்துல குந்திக்கினு புட்சிக்கிறேம்மா. டிரைவர் கைல குடுத்தா பேஜாரு" என்றார். நான் உட்கார வேண்டிய இடத்தில் அண்டா ஜம்மென்று உட்காரப் போகிறது. அதற்குத்தான் பழக்கம்.

அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. கார் போனதும் சித்திரக்குளத்துப் படிக்கட்டில் கனுப்பிடி வைக்கப் போகிறேன். இனிமேல் என் வாசலுக்குக் கார் அனுப்ப வேண்டாம்.

அம்மா மடியாக எட்டத்தில் இருப்பாள், அண்டாவைத் தொடமாட்டாள். பரிமாறப் போவது கோமளம் மாமி என்று நீங்களேதான் எழுதியிருந்தீர்கள். எல்லோரும் இலை போட்டு உட்கார்ந்த பிறகு மூடியைத் திறந்து இந்தக் கடிதத்தை எடுத்து முதலில் வாசிக்கப் போவதும் மாமிதான்.

மாமி, உங்களுக்கு என் நமஸ்காரம். எங்காத்துல சௌக்கியமா என்று இனி இவரைக் கேட்க வேண்டாம். பசியோடு உட்கார வைத்ததற்கு நீங்கள் மட்டும் மன்னிக்கவும்.

வாசித்து முடித்ததும் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

நீரஜா