ரெண்டு வீட்டுக்கு ஒரே மாவு

தாத்தா, இன்று காலை மாவுப் பாத்திரத்தின் மேலிருந்த ரஜாய்ப் போர்வையை விலக்கியதும் புளித்த மாவின் வாசனை குப்பென்று வந்தது. நொய்டாவில் இந்த வாரம் வெயில் தலையே காட்டவில்லை. மாவை அரைத்து வைத்தால் இரண்டு நாளானாலும் அசையாமல் கிடக்கும். அதனால் நீங்கள் செய்வதைப் போலவே பாத்திரத்துக்கு ரஜாயைப் போர்த்திவிட்டு நான் சால்வையோடு படுத்தேன். இந்த வீட்டில் மாவுக்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்கு இல்லை என்றார் என் கணவர். நீங்கள் இருந்திருந்தால், மாப்பிள்ளை பொங்க வேண்டியதில்லையே என்று சொல்லிச் சிரித்திருப்பீர்கள். நீங்கள் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. இன்னும் உங்கள் பதில்களை நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டெல்லி லோதி ரோடு அரசாங்கக் குவார்ட்டர்ஸில் நீங்கள் இருந்த காலத்தில், திருநெல்வேலியிலிருந்து பரீட்சை எழுத வந்தவர், ஆஸ்பத்திரிக்கு வந்தவர், சும்மா குதுப்மினார் பார்க்க வந்தவர் என்று யார் வந்தாலும் உங்கள் வீட்டில்தான் பாய் விரிப்பார்களாம். அப்பாவும் சித்தப்பாவும் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை கட்டிலில் படுத்ததே அபூர்வம் என்று அப்பா இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்வார். குறைப்படும்போது அவர் முகத்தில் ஒரு பெருமையும் தெரியும்.

ரிட்டயராகி ஜனக்புரியில் எங்களோடு இருக்க வந்த பிறகும் உங்கள் கை சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் கிரைண்டர் ஓட ஆரம்பித்தால் அம்மா அடுக்களையை உங்களுக்கு விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பங்கீடு நடக்கும். நம் வீட்டுக்கு ஒரு பாத்திரம், மூன்றாவது மாடி சர்தார்ஜி வீட்டுக்கு ஒரு டப்பா, கேட்டில் நிற்கும் சௌகிதாருக்கு அன்றைக்கே சுட்ட நாலு இட்லி. மீதியைப் பெரிய எவர்சில்வர் தூக்கில் ஊற்றிக்கொண்டு மெட்ரோ ஏறி, மயூர் விஹாரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போவீர்கள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். சித்தப்பா கார் எடுத்து வந்து வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் அவர் எங்கள் வீட்டு வாசலை மிதித்து நாலு வருஷமாகியிருந்தது.

காரணத்தை இப்போது நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. மயூர் விஹார் ஃபிளாட்டின் கிரகப்பிரவேசத்துக்கு சித்தப்பா அப்பாவை நேரில் வந்து அழைக்கவில்லை. பத்திரிகையை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். வேறு யாரையும் விட உரிமையுள்ளவர் என்பதால்தான் அப்படி அனுப்பினேன் என்பது சித்தப்பாவின் கட்சி. கூடப்பிறந்தவனை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கத் தெரியாதவன் வீட்டுக்கு எதற்குப் போக வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. அப்பா போகவில்லை. அண்ணன் வராத வருத்தத்தில் சித்தப்பாவும் வருவதை நிறுத்திவிட்டார். ஒரே ஊரில், ஒரே மெட்ரோ லைனில் இரண்டு வீடுகளும் பேசாமல் கிடந்தன.

நீங்கள் ஒரு நாளும் பஞ்சாயத்து வைக்கவில்லை. திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றியபடியே, யாரிடம் என்றில்லாமல், அங்கே இட்லி பஞ்சாக வந்தது என்றும் சின்னவனுக்கு இருமல் விடவில்லை என்றும் சொல்வீர்கள். அப்பா பேப்பரைத்தான் படித்துக்கொண்டிருப்பார். ஆனால் பக்கம் புரளாது. பால்கனியில் துணி எடுக்கும்போது ஒருமுறை என்னிடம் மட்டும் சொன்னீர்கள்: “கண்ணை மூடுறதுக்குள்ள ரெண்டு பேரும் ஒரு வீட்டுல உக்காந்து சாப்பிடுதத பாத்துரணும்ட்டி. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு.” அன்று எனக்கு அப்பாவின் மேல் வந்த கோபம் சாமானியமானதல்ல.

அப்புறம் அந்த மே மாதத்து ஞாயிறு. ஜனவரியில் போர்த்தித் தூங்கவைக்க வேண்டிய அதே மாவு, மே மாதம் டெல்லியில் பேய் பிடித்த மாதிரி பொங்கும். பாதிதான் ஊற்ற வேண்டும், மூடியை இறுக்கக் கூடாது என்று அம்மா படித்துப் படித்துச் சொன்னாள். நீங்கள் கழுத்துவரை ஊற்றி, மூடியைத் திருகி, அதற்கு மேல் ஒரு துணியும் கட்டிக்கொண்டு கிளம்பினீர்கள்.

பாதி வழியில் மூடி டப்பென்று தெறித்தது. துணியைத் தள்ளிக்கொண்டு வெள்ளையாக நுரைத்து வந்த மாவு உங்கள் சட்டை, வேட்டி, பக்கத்துச் சீட்டு என்று பரவ, பெட்டியில் இருந்தவர்கள் ஒரே பக்கமாக ஒதுங்கினார்கள். யாரோ அவசர பட்டனை அமுக்கிவிட்டார். அடுத்த ஸ்டேஷனில் காவலுக்கு நின்ற ஜவான் உங்களை இறக்கி, அங்கிள்ஜி, இது என்ன என்று இந்தியில் கேட்டார். இட்லி என்றீர்கள். இட்லி எங்கே என்றார். “இனிமேல்தான் ஆகும்” என்று உங்கள் லோதி ரோடு இந்தியில் சொல்லியிருக்கிறீர்கள். அவர் சிரித்து, பெஞ்சில் உட்காரவைத்து, வீட்டு போன் நம்பரைக் கேட்டிருக்கிறார்.

எங்கள் வீட்டுக்குப் போன் வந்தது. ஒரு மெட்ரோ ஸ்டேஷன் பெயரைச் சொல்லி, உங்கள் அப்பா அங்கே இருக்கிறார், உடனே வாருங்கள் என்று மட்டும்தான் சொன்னார்கள். அப்பா ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் அம்மாவின் செருப்புமாக ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். நாங்கள் பிளாட்பாரத்தில் இறங்கும்போது எதிர்ப்பக்க ரயிலிலிருந்து சித்தப்பா இறங்கி வந்தார். ஒரு கன்னத்தில் சவரம் முடிந்து மறு கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்துபோயிருந்தது. நடுவில், காய்ந்த மாவோடு உட்கார்ந்து, ஜவான் வாங்கித் தந்த சமோசாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

இருவரும் உங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அடி ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாலு வருஷத்துக்குப் பிறகு அப்பா பேசிய முதல் வார்த்தை, “ஏலே, அப்பாவுக்கு மாத்துச் சட்டை கொண்டாந்தியா?” என்பதுதான்.

சித்தப்பா இல்லையென்று தலையாட்டினார். பிறகு, “வீட்டுக்கு வாண்ணே. நேர்ல நின்னு கூப்பிடுதேம்லா” என்றார். அப்பா காலித் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மயூர் விஹார் பக்கம் போகும் ரயிலுக்கு நடந்தார்.

சித்தப்பாவின் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு அன்று நீங்கள் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் மறக்க மாட்டேன். மாவுதான் போய்விட்டதே, சித்தி உப்புமா கிண்டினாள். உப்புமா என்றாலே முகம் சுளிக்கும் நீங்கள் மூன்று முறை கேட்டு வாங்கினீர்கள். அப்பா தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்து, பூஜை அலமாரி திசை தப்பு என்று குற்றம் கண்டுபிடித்தார். சித்தப்பா மறுநாளே மாற்றிவிட்டார்.

மூடியை வேண்டுமென்றே இறுக்கினீர்களா என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். கடைசிவரை அதற்கு வாயே திறக்கவில்லை. ஜவான் ஒரு நம்பர்தானே கேட்டார், எதற்கு இரண்டு கொடுத்தீர்கள் என்றதற்கு மட்டும் பதில் சொன்னீர்கள்: “எட்டி, எனக்கு ரெண்டு பிள்ளைல்லா. ஒருத்தன் நம்பரை மட்டும் எப்படிச் சொல்லுவேன்?”

உங்களுக்குப் பிறகு இவர்கள் மறுபடி முறுக்கிக்கொள்வார்களோ என்று எனக்குப் பயம் இருந்தது. பிடித்து வைக்க நீங்கள் இல்லையே. போன மாதம் என் மகளை ப்ளே ஸ்கூலில் சேர்த்தேன். பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற தாத்தாவின் பெயர் என்று படிவத்தில் ஒரே ஒரு கோடு. அப்பாவின் பெயரை எழுதி, கீழே இருந்த இடுக்கில் சித்தப்பாவின் பெயரையும் நம்பரையும் எழுதினேன். இதில் அம்மா வழி நானா யார், அப்பா வழி தாதா யார் என்று அங்கிருந்த மிஸ் கேட்டாள். இருவருமே நானாதான் என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை அந்த மிஸ்ஸே போன் செய்தாள். கேட்டில் இரண்டு தாத்தாக்கள் நிற்கிறார்கள், இன்றைக்கு என் முறை என்று இரண்டு பேரும் சொல்கிறார்கள், யாரோடு அனுப்ப என்று கேட்டாள். ஜனக்புரியிலிருந்து அவ்வளவு தூரம் அப்பா வந்திருக்கிறார். பக்கத்து மயூர் விஹாரிலிருந்து சித்தப்பா வந்திருக்கிறார். இரண்டு பேரோடும் அனுப்புங்கள் என்றேன். ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு அவளை அழைத்து வந்தார்கள். வாக்குவாதத்தில் அவள் பையைப் பள்ளியிலேயே விட்டுவிட்டார்கள்.

ஒரு பெயர் போதும் என்று எங்கே கேட்டாலும் நான் இரண்டு எழுதுகிறேன், தாத்தா. கோட்டில் இடம் இல்லையென்றால் ஓரத்தில் எழுதுகிறேன்.