மீசையும் சேர்த்துத்தான்

மாசி 30, வெள்ளி

மத்தியான வெயில் மண்டையைப் பிளக்கிறது. கனகம்மாசத்திரத்து டீச்சருக்கு மூன்று ஜாக்கெட் தைக்க வேண்டும். தைக்க முடியாது. மெஷின் கூடத்தில். கூடத்தில் கிரிக்கெட்.

உலகக் கோப்பையாம். எவன் வீட்டு உலகமோ. முருகன் மலையில் முடியிறக்கும் மண்டபத்தில் என் வீட்டுக்காரருக்கு மொட்டையடிக்கிற வேலை. மேட்ச் என்றால் யார் காலையாவது பிடித்து முறை மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது முறை மாற்ற ஆளே கிடைக்கவில்லை. பக்கத்தில் கொழுந்தன் சேகர். பந்து போட்டால் டிவி, விளம்பரம் வந்தால் செல்போனில் பாம்பு விளையாட்டு. அந்தப் பாம்பு இரை தின்னத் தின்ன இவன் சோற்றை மறந்துவிடுகிறான்.

காபி கொண்டுபோனேன். நேரம் பார்த்து ஒருத்தன் அவுட். கூடமே திரும்பி என்னை முறைத்தது.

"இன்னாமே, நீ வந்தா விக்கெட் போவுது. முடியற வரைக்கும் உள்ள வராதே," என்றார்.

சமையல்கட்டில் நின்றபடி கையால் ஹெம்மிங் அடித்தேன். ஜெயித்துத் தொலைத்தார்கள். இனி இதுவே சட்டம். என் வீட்டுக் கூடத்தில் எனக்கு இடமில்லை.

பங்குனி 3, திங்கள்

தண்ணி வரவில்லை. உளுந்து தீர்ந்துவிட்டது.

முருகர் படத்தில் புதிதாக ஒரு மஞ்சள் துணி முடிச்சு. உள்ளே காசு. யாருக்கு உடம்பு சரியில்லை, என்ன வேண்டுதல் என்று மகள் கவிதாவைக் கேட்டேன். பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிற பெண், புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை. அவள் நைனாதான் முடிந்தாராம். கப் வந்தால் வீட்டுப் பொம்பளை முடியிறக்குவதாக வேண்டுதலாம்.

வீட்டுப் பொம்பளை யார்? நான்தான்.

இவர் வந்ததும் கேட்டேன். ஒரு கொத்து மட்டும் நறுக்குகிற பூமுடியா, முழு மொட்டையா? முழு மொட்டைதானாம்.

"எனக்கு இருந்தா நானே குடுத்திருக்க மாட்டனா?" என்று வழுக்கையைத் தடவிக் காட்டினார். ஊர் தலையெல்லாம் வழிக்கிறவர் தலையில் ஒரு முடி கிடையாது. சரி, சேகருக்கு இல்லையா, கூடை கூடையாக? அவனுக்குப் பெண் பார்க்கிறோமாம், மொட்டைத் தலையோடு போனால் எவன் கொடுப்பான் என்கிறார். அவன் ஏதோ சீரியல் கதாநாயகன் மாதிரி நெற்றியில் முடி விட்டுக்கொண்டு திரிகிறான், அதற்குத் தினமும் கண்ணாடி முன் அரை மணி.

முடிச்சை அவிழ்த்து எறியலாம்தான். கை வரவில்லை. முருகனிடம் சொன்னது சொன்னதுதான். அது இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் முடிந்திருக்கிறார்.

பங்குனி 6, வியாழன்

செமி பைனல். ஜெயித்துவிட்டார்கள். தெருவில் வெடி. தெருநாய் எங்கள் கட்டிலுக்கு அடியில்.

எதிர்வீட்டு மல்லிகா வந்து, "முருகனுக்குக் குடுத்தா மூணே மாசத்துல வந்துடும் அண்ணி," என்றாள். அவள் முடியை அவள் கொடுக்கட்டுமே. சிரித்து வைத்தேன்.

தலைக்குக் குளித்தேன். உட்கார்ந்தால் பாயில் புரளுகிற முடி. அழுதேன். பக்தியில் கொடுப்பதென்றால் நானே படியேறிப் போயிருப்பேன். எவனோ மட்டையால் பந்தை அடித்ததற்கு ஏன் கொடுக்க வேண்டும்?

பங்குனி 7, வெள்ளி

மலைக்குப் போனேன். இவருக்குச் சோறு. நல்ல கூட்டம்.

மண்டபத்தில் ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் இவர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இவர் தண்ணி தெளித்துத் தலையை நனைத்தார். உடனே அழுதுவிட்டாள். கத்தி பட்டு யாரும் அழுவதில்லை, தண்ணி பட்டுத்தான் அழுவார்கள் என்று இவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். தெரிந்துதானே என்னை உட்கார வைக்கப் பார்க்கிறார்.

அவள் புருஷனும் மொட்டைக்கு உட்கார்ந்தான். மீசையை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினான். இவர் எல்லாருக்கும் சொல்கிற அதே பாட்டு: "தல மட்டும் இல்லீங்க, மீசையும் சேத்துத்தான் சாமிக்கு."

சொல்லிவிட்டுத் தன் மீசையை ஒரு முறுக்கு முறுக்கினார். தலையில் இல்லாததெல்லாம் அங்கே இருக்கிறது. எண்ணெய் என்ன, சின்னச் சீப்பு என்ன. சட்டைப் பையில்கூட ஒன்று.

சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு நேராகச் சன்னதிக்குப் போனேன்.

வீட்டுக்கு வந்து மஞ்சள் துணி கிழித்தேன். கப் போனால் முருகனுக்கு இவர் மீசை, அதுதான் சன்னதியில் நான் வேண்டிக்கொண்டது. இவர் முடிச்சுக்குப் பக்கத்திலேயே கட்டி, பூவால் மறைத்தேன். கவிதா பார்த்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் பூ எடுத்துக் கொடுத்தாள்.

பங்குனி 9, ஞாயிறு

பைனல். தெரு முழுக்க எங்கள் கூடத்தில். மெஷின் மேல்கூட ஒருத்தன். ஊசி உடைந்தால் இவர் தலையில்தான்.

எதிராளிகள் முதலில் ஆடினார்கள். அடி என்றால் அப்படி ஒரு அடி. சமையல்கட்டில் ஒவ்வொரு 'ஐயோ'வுக்கும் ஒரு கும்பிடு போட்டேன். நாட்டுக்குத் துரோகம் என்றால் ஆகட்டும். நாடா என் தலையை வாரிவிடுகிறது?

விளக்கு வைத்து வெகு நேரம் ஆகவில்லை, கதை முடிந்தது. சேகர் அழுதான், நிஜக் கண்ணீர். அவன் அப்பா செத்தபோதுகூட இப்படி அழவில்லை.

ஆள்கள் போனதும் கூடத்துக்குள் போனேன். பூவை விலக்கி என் முடிச்சைக் காட்டினேன். என்ன வேண்டுதல் என்றும் சொன்னேன்.

இவர் கை மேலுதட்டுக்குப் போனது.

"மீசையா?" என்றார்.

"மீசையும் சேத்துத்தான் சாமிக்குன்னு நீங்கதான சொல்லிகினு இருந்தீங்க."

பங்குனி 10, திங்கள்

போனார். வழித்துக்கொண்டு வந்தார். தண்ணி தெளித்தபோது அழுதாரா என்று கேட்கவில்லை. மேலுதடு வெளுத்துப்போய் யாரோ மாதிரி இருந்தார். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம்தான்.

பங்குனி 12, புதன்

மாவு அரைக்கப் போன இடத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம்: "முருகன் இவ பேச்சத்தான் கேட்டான். தோக்கடிச்சதே இவதான்."

எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். டீக்கடையிலும் இதே பேச்சாம். மல்லிகா பேசுவதில்லை. வீட்டில் இவரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருக்கிறார். ஆங், நான்தான் தோற்கடித்தேன். பதினோரு பேர் மட்டையோடு நின்று செய்ய முடியாததைச் சமையல்கட்டில் நின்று செய்தேன். போங்கள்.

டீச்சர் ஜாக்கெட், கை இறுக்கம். பிரிக்க வேண்டும்.

பங்குனி 28, வெள்ளி

புழுக்கம். அதற்குள் வேறு ஏதோ கப். மறுபடியும் கூடத்தில் சேகர், பாம்பு, கூச்சல். இவருக்கு மீசை முள் முள்ளாக முளைத்திருக்கிறது, அடிக்கடி தடவிக்கொள்கிறார்.

நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், மெஷின் பக்கத்தில், சீப்போடு. யாரும் போகச் சொல்லவில்லை. முதல் பந்து போடுவதற்கு முன்னால் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, இவர் மெதுவாகக் கேட்டார், "இன்னிக்கி யாருக்கு வேண்டிகினு இருக்க?"

நான் பாட்டுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.