அழிக்கச் சொன்ன இரண்டு

தூலி,

பட்டாணி சூப் அடுப்பிலேயே இருக்கிறது, சூடாக்கிக் குடி. பத்து மணிக்குப் புகைபோக்கி சுத்தம் செய்பவர் வருவார், கதவைத் திறந்துவிடு.

நேற்று சாப்பிடும்போது, "கெமிஸ்ட்ரி வேணாம்ப்பா, அந்தப் பாடத்துலேர்ந்து பேரை எடுத்துட்டேன். டாக்டர் படிப்பும் வேணாம்" என்றாய். "உனக்கு இது வராதுன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றேன்.

இன்று காலை காபி போடும்போது மேசையில் உன் தேர்வுத்தாளைப் பார்த்தேன். அமிலமும் காரமும் வரும் மூன்று தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) கணக்குகளிலும் ஆசிரியை சிவப்பு மையில் ஒரே கேள்வியை எழுதியிருக்கிறார்: "இரண்டு எங்கே?"

தேர்வுக்கு முன்பு வீட்டில் பயிற்சி செய்தபோது நீ சரியாகத்தான் போட்டிருந்தாய். ஒரு மோல் கந்தக அமிலத்துக்கு இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு. "ரெண்டு எதுக்கு? ஒண்ணுக்கு ஒண்ணுதான், அழி அதை" என்றவன் நான். "புத்தகத்துல அப்படித்தான்ப்பா இருக்கு" என்று நீ சொல்லிப் பார்த்தாய். "காகித ஆலை லேப்ல பத்தொன்பது வருஷமா இதைத்தான் செய்யறேன், எனக்கே பாடமா?" என்று உன் வாயை அடைத்தேன். நீ அழித்தாய்.

இப்போதுதான் பள்ளிக்குப் போன் செய்து பேசினேன். இந்த வருடம் இனி உன்னைத் திரும்பக் கெமிஸ்ட்ரியில் சேர்க்க வழியில்லையாம்.

உன்னை எழுப்பிச் சொல்ல உன் அறைக் கதவு வரை வந்தேன். தட்டக் கை வரவில்லை.

அப்பா

பி.கு. ஆலையில் நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு, அளவை மட்டும் குறிப்பேன். மீதியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். மோல் கணக்கு எனக்குத் தெரியாது, தூலி. என்றைக்குமே தெரிந்ததில்லை.